வல்லினம் போன பிறகு

கடலூர் சாலையில் டெம்போ ஓட்டிப் பிழைத்தவர் என் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம், தவளக்குப்பம் என்று நிறுத்தங்களை ஒரே மூச்சில் அடுக்குவார். வண்டி நோணாங்குப்பம் பாலத்தருகே வரும்போதே வீட்டுக்குள் இருக்கும் அத்தைக்கு அவர் குரல் கேட்டுவிடும். உலையில் அரிசி போட அதுதான் அத்தைக்குக் கடிகாரம். அந்தக் குரலில் முதலில் கெட்டது ‘குப்பம்’. ஒருநாள் நோணாங்குப்பம் ‘நோணாங்கும்மம்’ ஆனது. பிறகு அரியாங்குப்பமும் தவளக்குப்பமும் அப்படியே ஆயின. சளி பிடித்திருக்கிறது என்றார். சளி போகவில்லை.

புதுச்சேரியில் பட்டப்பகலில் ஒருவருக்கு நாக்கு குழறினால், எதிரில் நிற்பவருக்கு ஒரே காரணம்தான் தோன்றும். “காலையிலேயே போட்டுட்டு வண்டி எடுக்கிறியா?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார் ஒரு பயணி. வண்டியின் சொந்தக்காரரும் ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். மாமா பீடிகூடப் பிடித்தவர் இல்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்ல வேண்டியதும் அதே நாக்குதான். மறுக்க மறுக்கக் குழறியது. குழறக் குழறச் சந்தேகம் கூடியது. கடைசியில் மறுப்பதையே விட்டுவிட்டார். அவர் பேச்சு முழுதாய் நின்றது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. ஆனால் ஊர் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது அந்த மாதத்திலேயே.

குப்பம் ஏன் கும்மம் ஆகிறது? அண்ணத்தின் பின்பகுதியில், உள்நாக்கு தொங்கும் இடத்தில், மெத்தென்ற தசை ஒன்று இருக்கிறது. ப், த், ட் சொல்லும்போது அது மேலே எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கும். காற்று வாய்க்குள் அழுந்தி நின்று, உதடோ நாக்கோ விலகும்போது வெடித்து வரும். ம், ந், ண் சொல்லும்போது அதே தசை தழைந்து காற்றை மூக்கில் விடும். ப-வும் ம-வும் உதட்டில் ஒரே இடத்தில் பிறப்பவை. த-வும் ந-வும் அப்படித்தான். ட-வும் ண-வும் அப்படித்தான். கதவு மூடியிருந்தால் வல்லினம், திறந்திருந்தால் மெல்லினம். கதவைத் தூக்கும் நரம்பு சாகத் தொடங்கினால் வல்லினம் மெல்லினமாகச் சரிந்துவிடும். அப்பா என்று கூப்பிட்டால் அம்மா என்று கேட்கும்.

வல்லினத்துக்கு நெஞ்சு, மெல்லினத்துக்கு மூக்கு, இடையினத்துக்கும் உயிருக்கும் கழுத்து என்று பிறப்பிடம் சொல்கிறது நன்னூல். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது. மாமாவின் பேச்சு படிப்படியாகச் சரிவதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான், நன்னூலை எழுதிய பவணந்தியார் மனித உடம்பைக் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார் என்று விளங்கியது. நெஞ்சில் மூச்சு வலுக் குறைந்தது, வல்லினம் போனது. நாக்கை மடித்து நிறுத்த முடியவில்லை. ழகரமும் ளகரமும் போயின. உயிரெழுத்துகள் மட்டும் கொஞ்ச காலம் நின்றன. அந்த மாதங்களில் அவர் பேசியது முழுக்க ஆ, ஓ, ஈ என்றுதான் கேட்கும். மெய் போய் உயிர் மட்டும் நின்ற பேச்சு அது. வீட்டில் இருந்த நாங்கள் ஏற்ற இறக்கத்தை வைத்தே புரிந்துகொண்டோம். வெளியார் யாருக்கும் அது மொழியாகவே படவில்லை.

நோயின் பெயர் தெரிய பதினான்கு மாதங்கள் ஆயின. பல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், வில்லியனூர் மாதா கோயிலில் மெழுகுவத்தி, மந்திரிப்பு என்று சுற்றி, கடைசியாகத்தான் நரம்பு மருத்துவரிடம் போனோம். இது எங்கள் குடும்பத்தின் அறியாமை என்று நெடுநாள் வருந்தியிருக்கிறேன். ஆனால் உலகெங்கும் இந்த நோயைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்ல ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. மோட்டார் நியூரான் நோய். தமிழில் இயக்க நரம்பணு நோய். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்கு ஆணை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. ஆணை வராத தசை துடிக்கும், மெலியும், பிறகு அசையாது. சிலருக்குக் கையில் தொடங்கும், சிலருக்குக் காலில். நாலில் ஒருவருக்கேனும் நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கும்.

பாரிசில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்த ழான் மார்த்தன் ஷார்கோ 1869-இல் இந்த நோயை வரையறுத்துச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இதை ஷார்கோ நோய் என்றே அழைக்கிறார்கள். அவர் அதை எழுதுவதற்கு 46 ஆண்டுகள் முன்பே, 1823-இல், புதுச்சேரியில் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. அதன் வழிவந்ததுதான் இன்றைய ஜிப்மர். அத்தனை பழைய மருத்துவ மரபுள்ள ஊர் இது. ஆனாலும் மருந்தில் உலகமே பின்தங்கி நிற்கிறது. 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல் மாத்திரை, ஆய்வுகளின்படி, வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது; நோயை நிறுத்துவதில்லை. பெரும்பாலோர் அறிகுறி தோன்றியதிலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் இறக்கிறார்கள். பத்தில் ஒருவர் பத்தாண்டைத் தாண்டுகிறார்.

ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த அதே நோய்தான் என்று மருத்துவர் ஆறுதலாகச் சொன்னார். ஹாக்கிங்குக்கு 1963-இல், 21 வயதில் கண்டுபிடித்தார்கள். 2018 வரை வாழ்ந்தார். அது அரிதிலும் அரிது என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய வாழ்க்கையிலிருந்து நாங்கள் கற்றிருக்க வேண்டியது வேறு. 1985-இல் ஜெனிவாவில் நிமோனியா கண்டு, உயிரைக் காப்பாற்றக் கழுத்தில் துளையிட்டபோது ஹாக்கிங் பேச்சை முழுதும் இழந்தார். கணினி வருவதற்கு முன்னால் அவரிடம் இருந்தது ஓர் எழுத்து அட்டை. ஒருவர் எழுத்தைச் சுட்டிக்காட்ட, சரியான எழுத்து வந்ததும் அவர் புருவத்தை உயர்த்துவார். உலகம் வியந்த அந்த இயந்திரக் குரலுக்கு முன்னால் ஒரு காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்தைப் பற்றி எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

மாமா பேனா பிடிக்கும்வரை எழுதிக் காட்டினார். பிறகு கையும் போனது. அதன்பின் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கேள்விகள்தான். பசிக்குதா, தண்ணி வேணுமா, திரும்பிப் படுக்கணுமா? கண்ணை மூடித் திறந்தால் ஆமாம். நாங்கள் கேட்க நினைத்ததை மட்டுமே அவரால் சொல்ல முடியும். அவருக்குச் சொல்ல இருந்ததை நாங்கள் கேட்க நினைக்கவே இல்லை. ஏறக்குறைய ஒரு மாதம், இரவானால் அழுதார். இந்த நோயில் அடக்க முடியாத அழுகையும் சிரிப்பும் காரணமில்லாமல் வரக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதுதான் இது என்று நாங்கள் முடிவு கட்டிக்கொண்டோம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுவார்.

பிரான்சில் குடியேறிய உறவினர் ஒருவர் விடுமுறையில் வந்தார். நோணாங்குப்பத்தில் பல வீடுகளுக்கு அப்படி ஒருவர் உண்டு. அங்கெல்லாம் பேச்சுப் பயிற்சியாளரே எழுத்து அட்டை கொடுத்துப் பழக்குவார்கள் என்று சொல்லி, ஏ பி சி டி எழுதிக் கொடுத்தார். மாமா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டத் தெரியாது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மாமா மகள் பள்ளிச் சுவரில் மாட்டும் தமிழ் எழுத்து அட்டவணையை வாங்கி வந்தாள். 247 எழுத்துகள். விரலை நகர்த்தி நகர்த்தி ‘கௌ’ வருவதற்குள் மாமாவுக்குக் கண் சொருகிவிட்டது.

மறுநாள் அவளே காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஐந்து வரிசை போட்டாள். வல்லினம் ஆறு: க ச ட த ப ற. மெல்லினம் ஆறு: ங ஞ ண ந ம ன. இடையினம் ஆறு: ய ர ல வ ழ ள. பிறகு குறில் ஐந்தோடு ஆய்தத்தைச் சேர்த்து ஆறு. கடைசியில் நெடில் ஏழு. மொத்தம் 31. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய்; 216 எழுத்துகளைத் தனியாக எழுத வேண்டிய தேவையே இல்லை. முதலில் வரிசையைக் கேட்க வேண்டும்: வல்லினமா, மெல்லினமா, இடையினமா? வரிசை கிடைத்ததும் அதற்குள் எழுத்து. ‘தண்ணி’ என்பதற்கு த, ண, ண, இ என நாலு எழுத்து போதும். புள்ளியை நாமே ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாயிரம் ஆண்டு இலக்கணம் நோயாளிக்கென்றே வகைபிரித்து வைத்ததுபோல் அத்தனை பொருத்தமாக இருந்தது. மாமாவுக்கும் அது புதிதில்லை. ஐந்தாம் வகுப்பில் படித்ததுதானே.

அவர் அந்த அட்டையில் எழுதிய முதல் சொல்: க, ஒ, ச, உ.

கொசு. சுண்ணாம்பாற்றின் உப்பங்கழி பக்கத்திலேயே இருக்கிறது, கொசுவுக்குக் குறைவில்லை. வலை கட்டியிருந்தோம். வலைக்குள் புகுந்த கொசு முகத்தில் உட்காரும்போது விரட்டக் கை எழாது, ஊதக்கூட உதடு குவியாது. ஒரு மாதமாக அவர் இரவில் அழுதது அதற்காக. அத்தை அன்று அடித்துக்கொண்டு அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை. இந்த நோய் பெரும்பாலோருக்குக் கேட்கும் திறனையும் தொடுவுணர்ச்சியையும் கண்ணசைவையும் கடைசிவரை விட்டுவைக்கிறது. சிலருக்கு நினைவிலும் நடத்தையிலும் மாற்றம் வரும் என்பது உண்மை. மற்றவர்கள் முழு அறிவோடு உள்ளே விழித்துக்கொண்டிருக்கிறார்கள். கொசு கடிப்பது நம்மைப் போலவே அவர்களுக்கும் உறைக்கும்.

பிரான்சில் எல் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ழான் தொமினிக் போபி, 1995 டிசம்பரில் வந்த பக்கவாதத்தால் உடல் முழுதும் செயலிழந்து, இடக்கண் இமை மட்டும் அசைய, ஒரு புத்தகமே எழுதினார். பிரெஞ்சில் அதிகம் வரும் எழுத்து முதலிலும் அரிதாக வருவது கடைசியிலும் நிற்கும்படி ஒரு வரிசையை உதவியாளர் படிப்பார்; வேண்டிய எழுத்தில் அவர் இமைப்பார். 1997-இல் புத்தகம் வெளியான சில நாட்களில் இறந்தார். அவருக்கு வந்தது வேறு நோய், பூட்டு ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழிக்கேற்ற சாவியைச் செய்து வைத்திருந்தார்கள். நம் மொழிக்கு அதைவிட எளிய சாவி தொடக்கப் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் நாங்கள் கடந்துவந்த மருத்துவமனைகளில் ஒன்றில்கூட அதை எங்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை.

மருத்துவ நூல்களில் சென்னையின் பெயரைத் தாங்கி நிற்கும் நோய் ஒன்று உண்டு: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகியோர் 1970-இல் இதை எழுதினார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் மருத்துவர் கௌரிதேவி பின்னர் விரிவாக ஆராய்ந்தார். தென்னிந்தியாவில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் 30 வயதுக்குள் தொடங்கும். கை கால் மெலியும், முகத்தசையும் நாக்கும் தளரும், கூடவே காதும் கேளாமல் போகும். மெதுவாகவே முற்றும் என்பதால் பல பத்தாண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. யோசித்துப் பாருங்கள். 20 வயதுப் பிள்ளைக்குப் பேச்சும் கேள்வியும் சேர்ந்து மங்குகின்றன. சைகைமொழி பழகலாம் என்றால் விரல்களும் மெலிகின்றன. அந்தப் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் இடையே மிச்சம் இருக்கும் ஒரே பாலம் கண்ணால் பார்க்கும் எழுத்து. நம் ஊர்ப் பெயர் வைத்த நோய்க்கு, நம் எழுத்தில் ஓர் அட்டை அச்சடித்துக் கொடுப்பது யார் கடமை?

கேட்கும் பொறுமை நமக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்த பிறகு எம்.ஜி.ஆரின் பேச்சு மாறிப்போனது. அதே ஆண்டு வெளிவந்த ‘காவல்காரன்’ படத்தில் அந்த மாறிய குரலிலேயே பேசினார். வேறொருவரின் குரலை இரவல் வாங்கவில்லை. திரையரங்கில் மக்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். 1984-இல் பக்கவாதம் வந்து பேச்சு மேலும் குலைந்த பின்னும் அவரை முதலமைச்சராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் தெளிவாகப் பேசியதால் அல்ல. அவர் சொல்வதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள். அந்த விருப்பத்தில் நூறில் ஒரு பங்கை டெம்போ ஓட்டிய மனிதருக்குக் காட்டியிருந்தால் அவர் இன்னும் ஓராண்டாவது கடைத்தெருவுக்கு வந்து போயிருப்பார்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாக்கிங்கின் இயந்திரக் குரல், அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் கிளாட் தன் சொந்தக் குரலை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. கிளாட் 1988-இல் புற்றுநோயால் இறந்துவிட்டார்; அவர் குரல் ஹாக்கிங்கின் வழியாக மேலும் 30 ஆண்டுகள் பேசியது. இன்று நோயாளி தன் குரலையே முன்கூட்டிச் சேமித்துவைக்க முடியும். 2023-இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த வசதியில், வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்தால் கைபேசி அந்தக் குரலிலேயே பேசத் தொடங்குகிறது. தொடங்கியது ஆங்கிலத்தில். தமிழை எழுத்திலிருந்து பேச்சாக்கும் தொழில்நுட்பத்தில் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக உழைத்திருக்கிறார்கள். பேச்சு வராத குழந்தைகளுக்கான ‘ஆவாஸ்’ கருவி அஜித் நாராயணன் முயற்சியில் சென்னையில்தான் பிறந்தது. அறிவும் ஆளும் இங்கேயே இருக்கின்றன. நோய் தெரிந்த அன்றே குரலைப் பதிந்துவைக்கும் ஏற்பாடு ஒன்றுதான் இல்லை. மாமாவின் குரல் எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு கல்யாண வீடியோவில். பந்திக்கு வாங்க என்று யாரையோ அழைக்கிறார். நாதஸ்வரம் பாதியை மூடிவிடுகிறது.

சட்டம் நோயாளிகளின் பக்கம் இருக்கிறது, பாதி வழிவரை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட நரம்பு நோய் என்ற தலைப்பில் அது எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்வது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸையும் பார்கின்சனையும். மோட்டார் நியூரான் நோயின் பெயர் அங்கே இல்லை. சான்றிதழ் மேசையில் உட்கார்ந்திருப்பவர் பட்டியலைப் பார்த்துவிட்டு நோயாளியை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று விழிக்கிறார். முற்றிக்கொண்டே போகும் நோய்க்கு இன்றைய விழுக்காட்டை எழுதி என்ன பயன்? ஆறு மாதத்தில் அது பொய்யாகிவிடும். அதே சட்டம் தகவல்தொடர்பு என்பதை வரையறுக்கும்போது, பேச்சுக்கு மாற்றான எல்லா வழிகளையும் சேர்த்தே சொல்கிறது. அப்படியானால் எழுத்து அட்டையும் பேசும் கருவியும் உரிமை, தர்மம் அல்ல.

இதைவிடக் கனமான ஒன்று உண்டு. மூச்சுத்தசை தளரும்போது, கழுத்தில் துளையிட்டு இயந்திரத்தில் இணைப்பதா வேண்டாமா என்ற கேள்வி வரும். வயிற்றில் குழாய் வைத்து உணவு செலுத்துவதா என்ற கேள்வி அதற்கு முன்பே வரும். ஒருவர் தன் விருப்பத்தை முன்கூட்டி எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கி, நோட்டரி முன்னிலையிலோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையிலோ கையொப்பமிட்டால் போதும் என்றது. கையெழுத்திடக் கையும் பேச வாயும் இருக்கும் காலத்தில் இதை எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. பேசினால் சாவை அழைப்பதாகும் என்று அஞ்சினோம். அந்த முடிவைக் கடைசியில் நாலு சொந்தக்காரர்கள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று எடுத்தார்கள். மாமா பத்தடி தொலைவில் கண்விழித்துப் படுத்திருந்தார். அட்டையை அன்று யாரும் கொண்டுபோகவில்லை.

ஜிப்மருக்கும் புதுச்சேரி சுகாதாரத் துறைக்கும் என் வேண்டுகோள் மிகச் சிறியது. நோயின் பெயரைச் சொல்லும் அதே நாளில், மருந்துச் சீட்டோடு ஒரு தமிழ் எழுத்து அட்டையையும் கொடுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் அரைமணி நேரம் வீட்டாரைப் பழக்கட்டும். குரலைக் கைபேசியில் பதிந்துவைக்கச் சொல்லுங்கள். பெயர்கள், ஊர்கள், திட்டு, கொஞ்சல் எல்லாவற்றையும். மூச்சுக் கருவியோடு வீட்டில் இருப்பவர்களின் பட்டியல் மின்துறையிடம் இருக்கட்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தபோது ஏற்பட்டதுபோன்ற மின்வெட்டு அவர்களுக்கு வெறும் இருட்டு அல்ல, மூச்சே நின்றுபோகும்.

வாசகருக்கும் ஒன்று. உங்கள் தெருவில் யாருக்காவது நாக்கு குழறத் தொடங்கியிருந்தால், குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன் நரம்பு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். பேச்சு நின்றுவிட்ட ஒருவர் இருந்தால், ஒரு காலண்டர் அட்டையை எடுத்து அந்த ஐந்து வரிசையை எழுதுங்கள். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். எழுத்து எழுத்தாக அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். பாதியிலேயே சொல்லைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து நீங்கள் முடித்துவைக்காதீர்கள்.